கேஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஹெட் கேஸ்கட்டை ஒழுகாமல் பொருத்துவது எப்படி

பழைய கேஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) என்ஜின் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் வைத்திருப்பவரிடம், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே எண்ணெய் கசிவதைச் சுட்டிக் காட்டினால், "புல்லட் என்றால் கொஞ்சம் எண்ணெய் விடத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். பல ஆண்டுகளாகப் பட்டறைகளில் வழங்கிவரும் இந்தப் பேச்சு, ஒரு குறையை அந்த வண்டியின் குணமாகவே ஆக்கிவிட்டது. அந்த இணைப்பு முறையாக அமைந்த என்ஜினில் ஓர் ஆண்டு ஓட்டிய பிறகும் சிலிண்டரின் துடுப்புகள் காய்ந்தே இருக்கும். கசிவு தொடர்ந்தால், அந்த இணைப்பின் நடுவே உட்கார்ந்து கசிவை அடைக்கும் தகடான கேஸ்கட்டைப் புதிதாக வாங்கி மாற்றுகிறோம். ஆனால் கேஸ்கட் உட்காரும் இரண்டு முகங்களையும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்டட்டுகளையும் (தலையில்லாத மரைத் தண்டுகள்) பார்ப்பதில்லை. வேலையின் முக்கால் பங்கு அவற்றில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வடிவமைக்கப்பட்டு, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட பின் சென்னைத் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்ட 350 புல்லட்டின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்டது, கொள்ளளவு 346 சி.சி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். வால்வுகளைத் திறக்க உதவும் தள்ளுதண்டுகளான புஷ்ராடுகள் தனிக் குழாய்களில் ஏறி இறங்காமல், சிலிண்டரோடு சேர்த்தே வார்க்கப்பட்ட பொந்தின் வழியாக வலப்பக்கத்தில் ஹெட்டுக்குச் செல்கின்றன. புஷ்ராடின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் ராக்கர்களுக்கு வெளிக்குழாய் மூலம் ஏறும் எண்ணெய் இந்தப் பொந்தின் வழியாகவே கீழே வடிகிறது. ஆகவே இந்த ஒரே கேஸ்கட்டுக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வேலைகள் உள்ளன. சிலிண்டர் வாயைச் சுற்றி அது எரியும் வாயுவைத் தடுக்க வேண்டும். பொந்தைச் சுற்றி, அழுத்தமே இல்லாமல் மெல்ல ஊறிவரும் எண்ணெயைத் தடுக்க வேண்டும்.

வாயுவின் பலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 38.5 சதுர செ.மீ. எரியும்போது உச்ச அழுத்தம் 40 பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் சுமார் ஒன்றரை டன் விசை ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. ஸ்டட்டுகளின் இழுவை இதைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால்தான் ஹெட் அசையாமல் நிற்கும். எண்ணெயின் கதை வேறு. அது தள்ளுவதில்லை; மயிரிழை அகலமுள்ள ஒரு கீறல் கிடைத்தால் அதன் வழியே ஊறி வெளியே வந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு கறுத்துவிடும். சிலிண்டர் வாயைச் சுற்றி நன்றாக இறுகிய கேஸ்கட், ஓரத்தில் இருக்கும் பொந்தைச் சுற்றித் தளர்வாக இருந்துவிடுவது உண்டு. புல்லட்டின் புகழ்பெற்ற கசிவு பெரும்பாலும் அதுதான்.

கழற்றும் முன்

ஹெட்டைக் கழற்றும் முன், கசிவு உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ராக்கர் மூடியின் கேஸ்கட்டிலிருந்தோ, ராக்கருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயின் முனை இணைப்பிலுள்ள பேஞ்ஜோ வாஷரிலிருந்தோ வடியும் எண்ணெய், துடுப்புகளின் வழியே இறங்கி ஹெட் இணைப்பில் தேங்கி நிற்கும். பார்ப்பவர் கேஸ்கட்டின் மேல் பழி போடுவார். என்ஜினை மண்ணெண்ணெயாலும் தூரிகையாலும் நன்றாகக் கழுவி, காய்ந்த பின் வலப்பக்கம் முழுவதும் முகப்பவுடரைத் தூவிவிட்டு, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். முதலில் நனைந்த இடமே ஊற்றுக்கண். வாயுக் கசிவு என்று சந்தேகம் வந்தால், சோப்பு நீரை இணைப்பைச் சுற்றித் தடவி, கிக்கரை மெதுவாக அமுக்கி அழுத்தத்தை ஏற்ற வேண்டும். பொங்கும் நுரை கசியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சிலிண்டர் பக்கத்திலிருந்து வரும் 'உஸ்' ஓசை சில வேளைகளில் சரியாக அமராத டீகம்ப்ரஷர் வால்வின் (உதைக்கும் முன் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) ஓசையாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து வாயு கீழே இறங்கினாலோ, என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ, உள்ளே சேரும் அழுத்தம் எண்ணெயைப் பொந்தின் வழியே மேலே தள்ளும். அந்த நிலையில் எவ்வளவு நல்ல கேஸ்கட் போட்டாலும் சில நூறு கிலோமீட்டரில் ஈரம் தெரியும். மூச்சுக்குழாய் ரப்பர் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன்.

பழைய கேஸ்கட் சொல்லும் செய்தி

என்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். சூட்டோடு தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளைய வாய்ப்பு உண்டு. எல்லா நட்டுகளையும் குறுக்கு மறுக்காகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, எந்த நட்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும், மொத்தம் எத்தனை என்பதையும் ஓர் அட்டையில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஹெட் வர மறுத்தால் துடுப்புகளுக்கு இடையே திருப்புளியைக் கொடுத்து நெம்பக் கூடாது. வார்ப்பிரும்புத் துடுப்பு மிட்டாய் போல உடையும். ஒரு மரத்துண்டை வைத்துப் புகைபோக்கித் துளைப் பக்கமும் எதிர்ப்பக்கமும் மாறி மாறித் தட்டினால் ஹெட் தளர்ந்து மேலே வரும். வரவில்லையென்றால், ஒரு நட்டு இன்னும் எங்கோ மறைந்திருக்கிறது என்று பொருள். அட்டையையும் உதிரிபாகப் படத்தையும் மீண்டும் பாருங்கள்.

கழற்றிய கேஸ்கட்டைக் குப்பையில் எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டும். நன்றாக இறுகிய இடத்தில் சிலிண்டர் வாயைச் சுற்றி ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் பதிந்திருக்கும். அந்த வளையத்தைக் கடந்து கறுப்பு நாக்கு ஒன்று வெளியே நீண்டிருந்தால் வாயு அந்த வழியே தப்பியிருக்கிறது. அந்த நாக்கு எந்த ஸ்டட்டின் பக்கம் போகிறதோ, அந்த ஸ்டட்டின் மேலேயும் ஹெட்டின் அந்த மூலையின் மேலேயும் சந்தேகம் கொள்ள வேண்டும். பொந்தைச் சுற்றியுள்ள பகுதி பதிவே இல்லாமல் எண்ணெயில் ஊறி மென்மையாக இருந்தால், அங்கே இறுக்கம் எட்டவே இல்லை. கேஸ்கட்டின் மேல்பக்கத்தில் எந்த இடம் ஹெட்டின் எந்த இடத்துக்கு நேரானது என்று பேனாவால் குறித்து வைத்தால், அடுத்துச் செய்யப்போகும் சோதனைக்கு அது வரைபடமாக உதவும்.

முகங்களைச் சமன் செய்தல்

சுத்தம் செய்யும் முன் சிலிண்டருக்குள்ளும், இன்னும் முக்கியமாகப் புஷ்ராடு பொந்துக்குள்ளும் துணியைத் திணித்து அடைக்க வேண்டும். அங்கே விழும் கேஸ்கட் துணுக்கு நேரே கிராங்க்கேஸுக்குப் போகும். அலுமினிய முகத்தில் உளியோ ஹேக்ஸா பிளேடோ படவே கூடாது. தின்னரில் ஊறவைத்து, மூங்கில் சீவல் அல்லது பித்தளைத் தகட்டால் சுரண்டினாலே பழைய கேஸ்கட் உரிந்து வந்துவிடும். அதற்குப் பொறுமைதான் வேண்டும். இரும்புக் கருவி ஏற்படுத்தும் ஒரு நீளக் கீறல் பொந்திலிருந்து வெளி ஓரம் வரை போய்விட்டால், எண்ணெய்க்கு நாமே கால்வாய் வெட்டிக் கொடுத்ததாகும்.

அடுத்தது சமநிலைச் சோதனை. நேரான எஃகு அளவுகோலின் விளிம்பை ஹெட்டின் முகத்தின் மேல் நிறுத்தி, மூலைக்கு மூலையாகவும், சிலிண்டர் வாய்க்கும் பொந்துக்கும் நடுவிலும், பல திசைகளில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. தகடு எங்குமே நுழையக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. பலமுறை அதிகமாக இறுக்கப்பட்ட ஹெட்டுகளில் ஸ்டட் துளைகளைச் சுற்றியுள்ள உலோகம் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, நடுப்பகுதி வில் போல வளைந்திருக்கும். சிலிண்டரிலும் இதே போல, மரை வெட்டிய துளைகள் இருந்தால் அவற்றின் வாய் மேலே இழுபட்டுச் சிறு மேடாக நிற்கும். அந்த மேடு கேஸ்கட்டை அந்த இடத்தில் மட்டும் நசுக்கிவிட்டு, மற்ற இடங்களில் இறுக்கத்தைத் தடுத்துவிடுகிறது. பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் துளையின் வாயைச் சற்றே சாய்த்து விட்டால் மேடு போய்விடும்.

வளைவு 0.1 மி.மீ. அளவுக்குள் இருந்தால் வீட்டிலேயே சமன் செய்யலாம். குறைந்தது 8 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடித் துண்டை ஆடாத மேசையில் வைத்து, அதன் மேல் 320 நம்பர் தண்ணீர் எமரித் தாளை ஒட்டி, சில சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். ஹெட்டின் முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டு, எட்டு என்ற எண் எழுதுவதைப் போல, கையின் எடையை மட்டும் கொடுத்துத் தேய்க்க வேண்டும். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை ஹெட்டைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்வதைத் தவிர்க்கலாம். கோடுகள் அழிந்த இடம் மேடு. நிற்கும் இடம் பள்ளம். கடைசிக் கோடும் அழியும்போது நிறுத்திவிட வேண்டும். கடைசியாக 400 நம்பர் தாளில் சில தேய்ப்புகள் போதும். முகம் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய அவசியம் இல்லை, மெல்லிய மங்கல் தோற்றமே கேஸ்கட்டுக்குப் பிடிப்புத் தரும். வளைவு அதற்கு மேல் இருந்தால் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுசென்று இயந்திரத்தில் சமன்படுத்துவதே முறை; கையால் அவ்வளவு எடுக்க முயன்றால் ஓரங்கள் உருண்டுவிடும்.

இங்கே ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. சிலிண்டரின் வாய் உதடு போல மேலெழுந்து ஹெட்டில் உள்ள பள்ளத்துக்குள் புகும் அமைப்பாக இருந்தால், ஹெட்டின் முகத்தைத் தேய்க்கத் தேய்க்க அந்தப் பள்ளத்தின் ஆழம் குறைகிறது. ஒரு கட்டத்தில் உதடு பள்ளத்தின் அடியில் முட்டிவிடும். அதன்பின் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் விசை முழுவதும் உதட்டில் போய் நிற்கும். வெளிப்புறத்தில், பொந்தைச் சுற்றி, கேஸ்கட் நசுங்கவே நசுங்காது. வாயு கசியாமல் எண்ணெய் மட்டும் விடாப்பிடியாகக் கசியும் என்ஜின்களில் இதை முதலில் பார்க்க வேண்டும். சாலிடர் கம்பியின் சிறு துண்டுகளைப் பள்ளத்தில் மூன்று இடங்களில் கிரீஸால் ஒட்டி, பழைய கேஸ்கட்டுடன் ஹெட்டை ஒருமுறை இறுக்கிக் கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கம்பி தாள் போல ஆகியிருந்தால், ஹெட்டின் முகத்தில் எடுத்த அளவைப் பள்ளத்திலும் லேத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஸ்டட், நட்டு, வாஷர்

முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுப்பதற்குப் பயன்படுகிறது. மீதி முழுவதும் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மரையில் துருவோ பழைய பசையோ இருந்தால் குறித்த அளவு இறுகியதும் ஒலிக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், ஸ்டட் மட்டும் இழுபட்டிருக்காது. ஆகவே ஒவ்வொரு மரையையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, நட்டு விரலாலேயே அடி வரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புல்லட்டின் மரைகள் பழைய பிரிட்டிஷ் அங்குல மரைகள். கைக்குக் கிடைத்த, மெட்ரிக் மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் 'சுத்தம்' செய்தால் மரையே போய்விடும். அடி மூடிய துளைகளில் எண்ணெய் தேங்கி நின்றால், ஸ்டட்டைத் திருகும்போது அந்த எண்ணெய் போக வழியின்றி வார்ப்பையே பிளந்துவிடக்கூடும். துணியைத் திரித்து விட்டு உலர்த்துங்கள். நட்டின் அடியில் வளைந்த வாஷரோ மெல்லிய தகர வாஷரோ போடாமல், இருபுறமும் சமமான, தடித்த எஃகு வாஷர்களைப் போட வேண்டும்.

எந்த கேஸ்கட்

கடையில் கிடைக்கும் கலவை கேஸ்கட், அதாவது நடுவில் தகடும் இருபுறமும் மென்மையான பொருளும் சிலிண்டர் வாயில் உலோக வளையமும் கொண்டது, சமமான முகங்களுக்கு நன்றாகவே பொருந்தும். அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். செப்பு கேஸ்கட்டைத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைப் பதப்படுத்த வேண்டும். நசுங்கிய செம்பு கடினமாகிவிடுகிறது. மீண்டும் மென்மையானால்தான் முகத்தில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் போய் உட்காரும். இருட்டான இடத்தில் கம்பியில் தொங்கவிட்டு, புளோ லாம்ப்பால் சுற்றிலும் மங்கிய செந்நிறம் வரும்வரை சுட்டு, தண்ணீரில் முக்கினால் போதும். எஃகைத் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். செம்பு அப்படி ஆகாது, ஆறவிட்டாலும் முக்கினாலும் மென்மை ஒன்றுதான், முக்கினால் மேலே படிந்த கறுப்புப் பொருக்கு தானே உதிர்ந்துவிடும் என்பதே ஆதாயம். பின்பு நுண்ணிய எமரியால் துடைத்து, கண்ணாடியின் மேல் வைத்துத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். மென்மையான செப்புத் தகடு கைபட்டாலே வளைந்துவிடும் என்பதால் அதை இரு கைகளாலும் தூக்க வேண்டும்.

கசிவை நிறுத்தவோ, அழுத்தத்தைக் குறைத்து வண்டியை எளிதாக உதைக்கவோ இரண்டு கேஸ்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அழுத்த விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 6.5 என்று கொண்டால், கூடுதலாக 0.5 மி.மீ. தடிமன் அதை 6.3 அளவுக்கே குறைக்கிறது. உதைப்பவரின் காலுக்கு வேறுபாடு தெரியாது. கசிய வாய்ப்புள்ள முகங்கள் மட்டும் இரண்டிலிருந்து மூன்றாகிவிடுகின்றன.

பசை பற்றிய என் கருத்து கடுமையானது. சிலிக்கோன் பசையை ஹெட் கேஸ்கட்டில் போடக் கூடாது. சிலிண்டர் வாயின் சூட்டை அது தாங்காது. பொந்தின் பக்கம் பிதுங்கும் பசை காய்ந்து உதிர்ந்து எண்ணெயோடு பயணிக்கும். இந்த என்ஜினின் எண்ணெய் வழிகள் குறுகியவை. பழைய மாடல்களில் பிஸ்டன் தண்டின் அடிமுனையான பிக் எண்டே மிதக்கும் புஷ்ஷில் ஓடுகிறது, எண்ணெய் நின்றால் அது நெடுநேரம் பொறுக்காது. பசை வேண்டும் என்றே தோன்றினால், ஹைலோமர் போலக் காய்ந்து இறுகாத வகையை, பொந்தைச் சுற்றி மட்டும், விரல் ரேகை தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டுப் பொருத்தலாம். சிலிண்டர் வாயைச் சுற்றி ஒன்றும் வேண்டாம்.

பூட்டுதலும் இறுக்குதலும்

பிஸ்டனை அழுத்த ஓட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ்ராடுகளை அடியிலிருந்து தள்ளும் இரண்டு டாப்பட்டுகளும் கீழே இறங்கியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் திறந்த வால்வின் ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் தள்ளும். டாப்பட் அட்ஜஸ்டர்களை முன்கூட்டியே தளர்த்திக் குறைத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு. இரண்டு முகங்களையும் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் கடைசியாகத் துடைத்த பின் விரலால் தொடாதீர்கள். பொந்துகளில் திணித்த துணியை எடுத்தாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கேஸ்கட்டை வைத்து, அதன் துளை பொந்தின் ஓரத்தை எங்கும் மறைக்கவில்லை என்று கண்ட பிறகே ஹெட்டை நேராக இறக்க வேண்டும்.

மரைகளிலும் வாஷரின் மேலும் ஒரு சொட்டு என்ஜின் எண்ணெய் விட்டு, எல்லா நட்டுகளையும் விரலால் இறக்கி, பின் குறுக்கு மறுக்காக மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும்: முதல் சுற்றில் குறித்த அளவில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு, கடைசியாக முழு அளவு. அந்த அளவை உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய பட்டறைக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். பருமன் வேறுபட்ட ஸ்டட்டுகளுக்கு வேறுபட்ட அளவு இருக்கும். இங்கிலாந்துக் கையேடுகளில் அளவு பவுண்டு-அடியிலும், இந்தியக் கையேடுகளில் கிலோகிராம்-மீட்டரிலும், இன்றைய ரெஞ்சுகளில் நியூட்டன்-மீட்டரிலும் இருப்பதால், 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 7.2 பவுண்டு-அடி, 9.8 நியூட்டன்-மீட்டர் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். இறுக்கும்போது ரெஞ்ச் சத்தம் வராமல் நட்டு மட்டும் வழுக்கிக்கொண்டே போவது போல் உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள், மரை இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றைக் கூடுதலாக இறுக்கி ஈடுகட்ட முடியாது.

முதல் சூடும் மறு இறுக்கமும்

அலுமினியம் சூட்டில் எஃகைப் போல இரு மடங்கு விரிகிறது. 100 மி.மீ. நீள அலுமினியம் 100 டிகிரி ஏறும்போது சுமார் 0.23 மி.மீ. நீள்கிறது, அதே நீள எஃகு 0.12 மி.மீ. அளவுக்கே நீள்கிறது. அதனால் என்ஜின் சூடாகும்போது ஹெட் ஸ்டட்டுகளை மேலும் இழுத்து, கேஸ்கட்டை நாம் நசுக்கியதைவிடச் சற்று அதிகமாக நசுக்கிவிடுகிறது. குளிர்ந்ததும் அந்த அளவுக்கு இறுக்கம் குறைந்து நிற்கிறது. புதிய கேஸ்கட் போட்ட பின் மறு இறுக்கம் செய்யாமல் விட்ட வண்டிகள் மீண்டும் கசியத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

முதல்முறை கிளப்பியதும் மிதமான வேகத்தில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். மறுநாள் காலை, ஒவ்வொரு நட்டையும் தனித்தனியே, இறுக்கிய அதே வரிசையில், எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி, முழு அளவுக்கு மீண்டும் இறுக்க வேண்டும். தளர்த்தாமல் இறுக்கினால், உறைந்து நிற்கும் உராய்வைக் கடக்கவே ரெஞ்சின் விசை செலவாகிவிடும். 200 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை இதையே செய்ய வேண்டும். செப்பு கேஸ்கட்டாக இருந்தால் 500 கிலோமீட்டரில் மூன்றாம் முறையும் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு மறு இறுக்கத்துக்குப் பின்னும் டாப்பட்டுகளைச் சரிபார்க்காமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. கேஸ்கட் நசுங்கிய அளவுக்கு ஹெட் கீழே இறங்கியிருக்கும். ராக்கர்கள் புஷ்ராடுகளை நெருங்கியிருக்கும். இருந்த இடைவெளி போய் வால்வு முழுதாக அமராமல் நின்றால், புகைபோக்கி வால்வு கருகத் தொடங்கும். என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிறுத்தி, சிலிண்டரின் பக்கத்தில் உள்ள டாப்பட் மூடியைத் திறந்து, புஷ்ராடை இரு விரல்களால் சுற்றிப் பாருங்கள். அது தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் அசைவு தெரியக் கூடாது. இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சரிசெய்து, அதை நிலைநிறுத்தும் லாக் நட்டை இறுக்கிய பின் இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டே மூடியைப் போட வேண்டும், ஏனெனில் இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கொஞ்சம் கூடவே திரும்பியிருக்கும்.